வருந்துவோர் யார்? – எழுத்து ஆங்கிலத்தின் வருத்தப் பெயரடைகளும் தமிழ்த் தொடரமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்து ஆங்கிலத்தில் வருத்தத்தைப் புலப்படுத்தும் பெயரடைகள் இருவகைப்படும். ஒருவகை வருந்துவோரைச் சார்ந்து நிற்பது. மற்றொருவகை வருத்தத்திற்குக் காரணமான நிகழ்வைச் சார்ந்து நிற்பது. தமிழ் மரபில் வருத்தம் பெரும்பான்மையும் வினைமுற்றிலும் இடைச்சொல்லிலும் அமைகிறது. ஆங்கிலப் பெயரடைகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது வருந்துவோர் தொடரிலிருந்து நீங்கிவிடுகின்றனர். இந்நீக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அதனைத் தவிர்க்கத் தமிழின் பெயரெச்ச அமைப்பு எவ்வாறு துணைசெய்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வருத்தம், கழிவிரக்கம், பெயரடை, பெயரெச்சம், தன்வினை, பிறவினை, மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

சென்னை மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் முதன்மைச் சாலைகளில் நடைபெற்று வருகின்றன. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கிச் செல்லும் தடம் கச்சேரி சாலை, திருமயிலை, பனகல் பூங்கா வழியாகவும், மாதவரத்திலிருந்து சிப்காட் நோக்கிச் செல்லும் தடம் திருமயிலை, மந்தைவெளி, அடையாறு வழியாகவும் அமைகின்றன. இத்தகைய பணியிடங்களின் தடுப்புகளில் ‘இடையூறுக்கு வருந்துகிறோம்’ என்னும் வகையிலான தொடர்களைக் காண்பது இயல்பு. இத்தொடரின் முன்னோடி 1975 ஆகஸ்டு 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் வழியே வீடுதோறும் அறிமுகமான ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்பதாகும். ஒளிபரப்புத் தடைபட்டபோது திரையில் தோன்றிய அத்தொடர் பின்னர் அன்றாடப் பேச்சில் நகைச்சுவையாகவும் எடுத்தாளப்படும் அளவிற்கு வேரூன்றியது.

இவ்வகைத் தொடர்களோடு ‘வருந்தத்தக்க நிகழ்வு’, ‘வருத்தத்திற்குரிய காலத்தாழ்வு’, ‘துரதிர்ஷ்டவசமான சம்பவம்’, ‘விரும்பத்தகாத சம்பவம்’ முதலிய தொடர்களும் அலுவல் மடல்களிலும் செய்தித்தாள்களிலும் பெருகியுள்ளன. முதல்வகையில் வருத்தம் வினைமுற்றாக உள்ளது. இரண்டாம் வகையில் அது பெயரடையாக உள்ளது. இவ்வேறுபாடு நடை வேறுபாடு மட்டுமன்று; பொறுப்பு யாரிடம் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கும் இலக்கண வேறுபாடு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இது சொல்லாட்சிகளை எண்ணிக்கையிடும் ஆய்வு அன்று. தொடரமைப்பை விளக்கமுறையில் அணுகும் ஆய்வு. ஆங்கிலச் சொற்கள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

2. ஆங்கில வருத்தப் பெயரடைகளின் இருவகை

ஆங்கிலத்தில் ‘சாரி’, ‘ரெக்ரெட்ஃபுல்’, ‘ரிமோர்ஸ்ஃபுல்’, ‘அபாலஜெடிக்’, ‘அஷேம்ட்’ ஆகிய பெயரடைகள் உணர்வை உடைய மாந்தரைத் தழுவி வருவன. இவற்றை உணர்வோர்சார் பெயரடைகள் எனலாம். ‘ரெக்ரெட்டபிள்’, ‘அன்ஃபார்ச்சுனேட்’, ‘லாமென்டபிள்’, ‘ஷேம்ஃபுல்’ ஆகியன நிகழ்வையோ நிலையையோ தழுவி வருவன. இவற்றை நிகழ்வுசார் பெயரடைகள் எனலாம். ‘ரெக்ரெட்’ என்னும் ஒரே அடியிலிருந்து ஈற்றொட்டு வேறுபாட்டால் இருவகைப் பெயரடைகளும் பிறப்பது கருதத்தக்கது. ‘ரெக்ரெட்ஃபுல்’ என்பது வருத்தம் நிறைந்தவரைக் குறிக்கும். ‘ரெக்ரெட்டபிள்’ என்பது வருந்துதற்கு ஏற்ற நிகழ்வைக் குறிக்கும். தமிழ்வழிக் கற்ற மாணவர்க்கு ஆங்கிலம் எழுதும்போது இவ்விரண்டும் மயங்குவதற்கு இடமுண்டு. ‘நான் ரெக்ரெட்டபிள்’ என எழுதுபவர், தம் வருத்தத்தைச் சொல்ல எண்ணித் தம்மையே வருந்தத்தக்க பொருளாக ஆக்கிவிடுகிறார்.

‘சாரி’ என்னும் சொல் தனித்துக் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் உடல்நோவைக் குறித்த ‘சார்’ என்னும் அடியிலிருந்து இது பிறந்தது. துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ என்பதோடு ஒலியொப்புமை இருப்பினும் இரண்டின் வேர்களும் வேறு. பயனிலையில் வரும்போது இச்சொல் எழுவாயின் வருத்தத்தைக் குறிக்கும். பெயருக்கு முன் அடையாக வரும்போதோ வருத்தம் என்னும் பொருள் நீங்கி, இரங்கத்தக்க இழிநிலை என்னும் பொருள் தோன்றும். ஆகவே இதனை எழுத்தில் இடமறிந்து ஆளுதல் வேண்டும். மேலும், இது பயனிலையாக நிற்கும்போதும் இருபொருட்கு இடந்தருகிறது. பிறர்க்கு நேர்ந்த இழப்பிற்கு இரங்குவோரும் இச்சொல்லை ஆள்வர். தாம் செய்த பிழைக்கு மன்னிப்பு வேண்டுவோரும் இச்சொல்லை ஆள்வர். முன்னதில் பொறுப்பேற்பு இல்லை, பின்னதில் உண்டு.

3. பெயரடையின் எடை: மூன்று சான்றுகள்

இவ்விருபொருள் தன்மை அரசுகளுக்கு இடையிலான மடல்களில் எத்துணை முதன்மை பெறும் என்பதற்கு 2001-ஆம் ஆண்டின் ஹைனான் நிகழ்வு சான்றாகும். அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். ஹைனான் தீவில் தரையிறங்கிய அமெரிக்க விமானத்தின் குழுவினர் 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டனர். ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஜோசப் புரூஹர் அளித்த மடலில் ‘வெரி சாரி’ என்னும் தொடர் இருமுறை இடம்பெற்றது. ஒன்று விமானியின் இழப்புக் குறித்தது. மற்றொன்று வாய்மொழி இசைவின்றிச் சீன வான்பகுதியில் நுழைந்து தரையிறங்கியது குறித்தது. அமெரிக்கத் தரப்பு இதனை மன்னிப்பு அன்று என்றது. சீனத் தரப்போ மன்னிப்பு வேண்டுதலை உணர்த்தும் சீனத் தொடரால் இதனை வழங்கியது. குழுவினர் விடுவிக்கப்பட்டனர். ஒரே பெயரடை இருதரப்பிற்கும் இருவேறு பொருள் தந்தமையே இணக்கத்திற்கு வழிவகுத்தது எனலாம்.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 1999-ஆம் ஆண்டு நிறைவேற்றிய தீர்மானத்தில், தொல்குடியினர்க்கு இழைக்கப்பட்ட அநீதிகள் குறித்து ‘ரெக்ரெட்’ என்னும் பெயர்ச்சொல்லே இடம்பெற்றது. ‘சாரி’ என்னும் சொல் அதில் இல்லாமை பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் முன்மொழிந்த தீர்மானத்திலேயே அச்சொல் இடம்பெற்றது. சிறியதொரு சொல்லின் இன்மையும் இருப்பும் ஒரு நாட்டின் அரசியலில் வேறுவேறு நிலைப்பாடுகளாகக் கொள்ளப்பட்டன.

மூன்றாம் சான்று இந்தியாவைச் சார்ந்தது. 1919 ஏப்ரல் 13 அன்று நிகழ்ந்த ஜாலியன் வாலாபாக் படுகொலை குறித்து, 2013 பிப்ரவரி 20 அன்று அவ்விடத்திற்கு வந்த பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரன் பார்வையாளர் ஏட்டில் எழுதியபோது, அந்நிகழ்வை ‘ஷேம்ஃபுல்’ என்னும் பெயரடையால் சிறப்பித்தார். மன்னிப்பு வேண்டும் வினைச்சொல் எதுவும் அதில் இல்லை. அப்பெயரடை நிகழ்வைத் தழுவி நிற்கிறது. வெட்குவோர் யார் என்பதைத் தொடர் கூறவில்லை. ‘அஷேம்ட்’ என்னும் உணர்வோர்சார் பெயரடையை ஆண்டிருப்பின் எழுவாய் ஒன்று கட்டாயமாகத் தேவைப்பட்டிருக்கும். நிகழ்வுசார் பெயரடை கடுமையான சொல்லாக இருக்கும்போதே பேசுவோரைத் தொடருக்கு வெளியே நிறுத்தவும் வல்லது என்பது இதனால் புலனாகிறது.

4. தமிழ் இலக்கண மரபில் வருத்தத்தின் இருப்பிடம்

தமிழ் மரபிலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. பெயரடை என்பது தனிச் சொல்வகையாக அங்கு இல்லை. தற்கால மொழியியலும், 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பெயரடை என்னும் வகைப்பாட்டைக் கொள்கின்றன. எனினும் ‘நல்ல’, ‘பெரிய’, ‘புதிய’ போன்ற சிலவற்றைத் தவிரத் தமிழின் அடைகளுள் பெரும்பாலானவை ‘ஆன’, ‘உள்ள’, ‘உரிய’, ‘தக்க’ முதலியவற்றைக் கொண்டு ஆக்கப்படுவனவே. எனவே வருத்தம் தமிழில் வேறெங்கு அமைகிறது என்னும் வினா எழுகிறது.

முதலாவது இருப்பிடம் இடைச்சொல். தொல்காப்பிய இடையியல் ‘மன்’ என்னும் இடைச்சொல்லிற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருள்களைக் கூறுகிறது. நன்னூல் அவற்றோடு அசைநிலை, மிகுதி, நிலைபேறு ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. ஓகாரத்தின் எண்வகைப் பொருள்களுள்ளும் கழிவினை ஒன்றாக நன்னூல் கொள்கிறது. கழிவு என்பது கழிந்துபோனதற்கு இரங்குதல். அதியமான் மறைவிற்குப்பின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில் (புறநானூறு 235) இந்த ‘மன்’ அடுத்தடுத்து வருவதை உரையாசிரியர்கள் கழிவுப் பொருளுக்குக் காட்டுவர். அங்குத் துயரத்தைக் குறிக்கும் அடை எதுவும் தேவைப்படவில்லை. அவன் வழக்கமாகச் செய்தவற்றைக் கூறும் வினைகளோடு இடைச்சொல் சேர்ந்த அளவிலேயே, அவை இனி இல்லை என்னும் வருத்தம் தோன்றிவிடுகிறது.

இரண்டாவது இருப்பிடம் உரிச்சொல். ‘அழுங்கல்’ என்பதற்கு ஆரவாரம் என்னும் பொருளோடு இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டெனத் தொல்காப்பிய உரியியல் குறிப்பிடுகிறது. இழப்பும் இழப்பிற்கு இரங்குதலும் ஒரே சொல்லின் பொருள்களாக அமைந்தமை இங்குக் கருதத்தக்கது. மூன்றாவது இருப்பிடம் வினை. திருக்குறளின் வினைத்தூய்மை அதிகாரம் (குறள் 655) பின்னர் இரங்குதற்குரிய செயல்களைச் செய்யாதிருக்க அறிவுறுத்துகிறது. செய்தவரே இரங்குபவர் என்னும் இயைபு அக்குறளின் அடிப்படை.

தற்கால வழக்கிலும் இவ்வியல்பு தொடர்கிறது. ‘உடைந்துவிட்டது’, ‘உடைத்துவிட்டேன்’ என்பவற்றில் ‘விடு’ என்னும் துணைவினை, செயல் முடிவுற்றமையோடு அதுபற்றிய வருத்தத்தையும் சூழலுக்கேற்பச் சுட்டும். ‘சொல்லாமல் போனேனே’, ‘முன்பே வந்திருக்கலாமே’ என்பவற்றில் ஈற்று ஏகாரம் கழிவிரக்கத்தைத் தாங்குகிறது. ஆங்கிலம் ஒரு பெயரடையில் வைப்பதைத் தமிழ் முழுத்தொடரின் மீதும் படரவிடுகிறது.

5. வருந்துதலும் வருத்துதலும்

‘வருந்து’ என்னும் வினை தன்வினை. அதன் பிறவினை ‘வருத்து’. ‘திருந்து – திருத்து’ என்பதுபோல மெல்லினம் வல்லினமாதலால் இவ்வேறுபாடு அமைகிறது. ‘வருந்து’ என்பதன் அடிப்படைப் பொருள் உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுதல். இலங்கைத் தமிழில் ‘வருத்தம்’ என்பது இன்றும் நோயைக் குறிக்கிறது. ‘எனக்கு வருத்தம்’ என்று யாழ்ப்பாணத்தவர் கூறின் உடல்நலமில்லை என்றே பொருள்படும். உடல்நோவைக் குறித்த சொல் மனவருத்தத்திற்கு வந்தமையில் ஆங்கிலச் ‘சாரி’யும் தமிழ் ‘வருத்த’மும் ஒத்த போக்குடையன.

இப்பின்னணியில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்னும் தொடரை நோக்கலாம். ‘-ஓம்’ என்னும் தன்மைப் பன்மை விகுதி வருந்துவோரைத் தெளிவாகக் காட்டுகிறது. வருத்தத்தின் காரணம் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. ஆனால் ‘தடங்கல்’ என்பது தடுத்தவரைக் காட்டாத பெயர். தடுத்தல் ஒருவர் செய்வது, தடங்கல் நேர்வது. எனவே இத்தொடரில் வருந்துவோர் உளர். தடங்கலைச் செய்தோர் இலர். இடையூற்றால் உண்மையில் வருந்துவோர் சாலையில் செல்லும் மக்கள். அவர்களை வருத்தியோரோ ‘வருந்துகிறோம்’ என்கின்றனர். வினைமுற்று வருவதாலேயே பொறுப்பேற்பு முழுமையாகிவிடாது என்பதையும் இத்தொடர் உணர்த்துகிறது. ஆயினும் வருந்துவோர் இன்னார் என்னும் அளவிலேனும் இதில் பொறுப்பு எஞ்சியுள்ளது. பெயரடைத் தொடர்களில் அதுவும் நீங்குகிறது.

6. தமிழ் வருத்த அடைகளின் பாகுபாடு

தற்காலத் தமிழில் வருத்தத்தை உணர்த்தும் அடைகளை நான்காகப் பகுக்கலாம்.

(அ) ‘ஆன’ ஈற்று அடை: ‘வருத்தமான செய்தி’ என்பதில் செய்தி வருத்தம் தருவது, ‘வருத்தமான முகம்’ என்பதில் முகம் வருத்தம் உற்றது. தழுவும் பெயரே பொருளை முடிவுசெய்கிறது. ஆகவே ஆங்கிலத்தின் இருவகைப் பெயரடைகளுக்கும் இது பொதுவாக நிற்கும்.

(ஆ) ‘உரிய’, ‘தக்க’ ஈற்று அடைகள்: ‘வருத்தத்திற்குரிய முடிவு’, ‘வருந்தத்தக்க நிகழ்வு’. இவை நிகழ்வுசார் அடைகள். ‘வருந்தத்தக்க’ என்பதில் ‘வருந்த’ என்னும் எச்சத்திற்குரிய எழுவாய் தோன்றாது. யார் வருந்தத் தக்கது என்னும் வினாவிற்குத் தொடரில் விடையில்லை. பயனிலையாகும்போது ‘வருந்தத்தக்கது’ என அஃறிணை ஒன்றன்பால் முடிபு பெறுகிறது. தன்மை விகுதி வருதற்கு அங்கு இடமேயில்லை.

(இ) ஊழ்சார் அடைகள்: ‘துரதிர்ஷ்டவசமான’ என்பது நிகழ்வை ஊழின் மேல் ஏற்றுகிறது. வருந்துவோர் மட்டுமன்றிச் செய்தோரும் இதனால் மறைகின்றனர்.

(ஈ) பெயரெச்சம்: ‘வருந்தும்’, ‘வருந்திய’, ‘வருந்துகின்ற’. மயிலாப்பூர்த் தெருக்களாயினும் தமிழகத்தின் வேறெவ்வூராயினும், சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளின் அடியில் ‘வருந்தும் குடும்பத்தினர்’, ‘வருந்தும் நண்பர்கள்’ என்றவாறு பெயர்கள் இடம்பெறுவது வழக்கம். உணர்வோரை நேரடியாகத் தழுவும் இவ்வடை ‘ரெக்ரெட்ஃபுல்’ என்பதற்கு மிக நெருக்கமானது. ஆங்கிலப் பெயரடைக்கு இல்லாத கால வேறுபாடும் இதற்கு உண்டு. அன்று வருந்தியவரையும் இன்றும் வருந்துகின்றவரையும் தமிழ் அடை பிரித்துக்காட்டும்.

பெயரெச்சம் நிகழ்வைத் தழுவும்போதும் எழுவாயை ஏற்கும். ‘நாங்கள் வருந்தும் நிகழ்வு’ என்பதில் ‘நிகழ்வு’ தழுவப்படுகிறது. வருந்துவோரும் தொடருக்குள்ளேயே உள்ளனர். செய்பவன், செயல், காலம், இடம் முதலிய பலவற்றையும் தழுவவல்ல பெயரெச்சத்தின் இவ்வியல்பு மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருந்துணையாகும். ‘வருந்தத்தக்க நிகழ்வு’ என்பதற்கும் ‘நாங்கள் வருந்தும் நிகழ்வு’ என்பதற்கும் சொல்லளவில் வேறுபாடு சிறிது, பொறுப்பளவில் பெரிது.

‘ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்னும் அலுவல் தொடரையும் இங்குக் கருதலாம். இதில் அடை வருத்தத்திற்கே அடையாகிறது, வருத்தம் செயப்படுபொருளாகிறது, தன்மை விகுதி ‘தெரிவி’ என்னும் வினையோடு சேர்கிறது. வருந்துதல் தெரிவித்தலாக மாறிவிடுகிறது. இரங்கல் மடலுக்கு இது பொருந்தும். பிழையை ஒப்பும் மடலுக்குப் போதாது.

7. மொழிபெயர்ப்பு நெறி

‘காலத்தாழ்வு ரெக்ரெட்டபிள்’ என்னும் பொருளமைந்த ஓர் ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவதாகக் கொள்வோம். அதற்குப் பின்வரும் வடிவங்கள் இயலும்.

(1) காலத்தாழ்வு வருந்தத்தக்கது.
(2) காலத்தாழ்வுக்கு வருந்துகிறோம்.
(3) நாங்கள் காலம் தாழ்த்தியதற்கு வருந்துகிறோம்.
(4) காலம் தாழ்த்திவிட்டோம், பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலாவதில் வருந்துவோரும் இலர், தாழ்த்தியோரும் இலர். இரண்டாவதில் வருந்துவோர் மட்டும் உளர். மூன்றாவதில் ‘தாழ்த்து’ என்னும் பிறவினை செயலுக்கு உரியவரைக் கொணர்கிறது. ‘தாழ்த்தியது’ என்னும் தொழிற்பெயர் தன்மை விகுதி ஏலாமையின் ‘நாங்கள்’ என்னும் எழுவாய் இன்றியமையாதது; அது விடுபடின் பொறுப்பு மீண்டும் மங்கும். நான்காவதில் இரு முற்றுகளும் ‘-ஓம்’ ஈறு பெற்றுள்ளன. செய்தோரும் வேண்டுவோரும் ஒருவரே என்பது ஐயமின்றிப் பெறப்படுகிறது. ‘விடு’ என்னும் துணைவினை வருத்தத்தையும் உடன் தருகிறது. ‘வருத்தம்’ என்னும் சொல் இல்லாமலேயே வருத்தம் வெளிப்படுவது தமிழ் மரபிற்கு இயைந்ததாகும்.

மூலம் நிகழ்வுசார் பெயரடையை வேண்டுமென்றே ஆண்டிருப்பின் முதல் வடிவமே மூலத்திற்கு நேர்மையானது. ஜாலியன் வாலாபாக் குறிப்பைத் தமிழாக்குவோர் ‘வெட்கத்திற்குரிய நிகழ்வு’ என்றே எழுதுதல் வேண்டும். ‘வெட்குகிறோம்’ என்று எழுதின் மூலம் அளிக்காத மன்னிப்பைத் தாமே அளித்தவராவர். மாறாக, உணர்வோர்சார் பெயரடையை ‘வருந்தத்தக்க’ எனப் பெயர்த்தால் மூலத்தில் உள்ள பொறுப்பேற்பைப் பறித்தவராவர். இருவகைப் பிழைகளும் பொருளைத் திரிப்பனவே.

எனவே அடையைத் தெரிவுசெய்யும் முன் மூன்று வினாக்களை எழுப்புதல் பயன்தரும்: வருந்துவோர் யார்? எதன்பொருட்டு? அதனைச் செய்தோர் யார்? முதல் வினாவிற்கும் மூன்றாம் வினாவிற்கும் விடை ஒன்றாயின் அது மன்னிப்பு. வேறாயின் அது இரங்கல். ஆங்கிலத்தில் எழுதும் தமிழ் மாணவர்க்கும் இவ்வினாக்கள் பொருந்தும். தம் செயலுக்கு வருந்தும் மடலில் எழுவாயோடு ‘சாரி’ என்பதும், பிறர் செயலையோ இயற்கை நிகழ்வையோ மதிப்பிடும் அறிக்கையில் ‘ரெக்ரெட்டபிள்’, ‘அன்ஃபார்ச்சுனேட்’ என்பனவும் ஏற்புடையன. தம் செயலுக்கே பின்னவற்றை ஆளுதல் மொழியளவில் பிழையன்று. ஆயின் படிப்போர் அதனைத் தட்டிக்கழித்தலாகவே கொள்வர்.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. ஆங்கில வருத்தப் பெயரடைகள் உணர்வோர்சார்ந்தன, நிகழ்வுசார்ந்தன என இருவகைப்படும். ‘சாரி’ என்பது இடத்திற்கேற்பப் பொருள் மாறுவது. தமிழ் மரபில் வருத்தம் இடைச்சொல், உரிச்சொல், வினை ஆகியவற்றின்வழிப் புலப்படுகிறது. ‘தக்க’, ‘உரிய’ ஈற்று அடைகள் வருந்துவோரைத் தொடரிலிருந்து நீக்குகின்றன. ‘வருந்தும்’ என்னும் பெயரெச்சம் அவர்களைத் தொடருக்குள் நிறுத்துகிறது. ஆங்கில மூலத்தின் பெயரடை எவ்வகையினது என்பதை அறிந்து, அதற்கு இணையான தமிழ் அமைப்பைத் தெரிவுசெய்தலே பொருள் திரியாத மொழிபெயர்ப்பிற்கு வழி.

அலுவல் தமிழ்ப் பயிற்சிகளில் கலைச்சொற்களுக்கு அளிக்கப்படும் இடம் இத்தகைய தொடரமைப்புகளுக்கும் அளிக்கப்பட வேண்டும். அலுவலகம் ஒன்றிலிருந்து மடல் பெறும் ஒருவர் முதலில் தேடுவது, தமக்கு நேர்ந்ததற்கு யார் பொறுப்பேற்கிறார் என்பதையே. அதற்குரிய விடையைத் தமிழ் வினைமுற்றின் ஈற்றிலேயே வைத்துள்ளது. அவ்விகுதி மறையாமல் எழுதுவது மொழித்தூய்மை பற்றிய சிக்கல் மட்டுமன்று. எழுதுவோரின் நேர்மை பற்றியதும் ஆகும்.